ஆபீஸ் ஃப்ரெண்டுகிட்ட விசுவாசத்தைப் பத்தி எப்படி பேசறது? கைப்பிரதி குடுக்காம இருக்கறது தப்பா?

பல்லாவரம்_பொண்ணு:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரெண்டு வருஷமா இங்க படிச்சுட்டு மட்டும் போற ஆள் நான், இன்னிக்கு தான் எழுதறேன், நீளமா போச்சுன்னா கோச்சுக்காதீங்க.

பெருங்குடியில ஒரு ஐடி ஆபீஸ்ல டெஸ்டிங் டீம்ல இருக்கேன். எங்க சபை வீட்டுப் பக்கத்துலயே இருக்கற சின்ன சபை, ஒரு நூறு பேர் வருவோம். மாசம் முதல் ஞாயிறு ஆளுக்கு ஒரு கட்டு கைப்பிரதி (இயேசுவைப் பத்தி அச்சடிச்ச நோட்டீஸ்), வெளிய இருக்கறவங்களுக்குக் குடுக்கச் சொல்லிக் குடுப்பாங்க, கட்டுக்கு 50. கடைசி ஞாயிறு ஆராதனை முடியறப்போ "முடிச்சவங்க கை தூக்குங்க"ன்னு கேப்பாங்க. நான் தூக்கினதே இல்ல. என் பீரோல துப்பட்டாக்கு அடியில இப்போ மூணு கட்டு இருக்கு, ரப்பர் பேண்ட் கூட கழட்டல. வசனம் அச்சடிச்ச பேப்பர், குப்பையில போடவும் மனசு வரல, பழைய பேப்பர்காரர்கிட்ட போடவும் மனசு வரல, அப்படியே இருக்கு. பீரோ திறக்கும்போதெல்லாம் என்னையே பாக்கற மாதிரி இருக்கும்.

விஷயம் இது இல்ல. என் டீம்ல ஒரு ஃப்ரெண்ட், நாலு வருஷமா பக்கத்து சீட், ஒரே டப்பால சாப்பிடற அளவுக்கு பழக்கம். ஹிந்து, நல்லா சாமி கும்பிடற வீடு. அவங்க அப்பாக்கு அடுத்த வாரம் பைபாஸ். போன வாரம் கேன்டீன்ல அவ அழுதப்போ நான் யோசிக்காம "நான் ப்ரேயர் பண்றேன் டி"ன்னு சொல்லிட்டேன். அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டே சிரிச்சுட்டு "பண்ணு டி, ஆனா மதம் மாத்த மட்டும் பாக்காத"ன்னா. கிண்டலா தான் சொன்னா, ஆனா எனக்கு சுருக்குன்னு ஆச்சு, ஏன்னா இந்த நாலு வருஷத்துல நான் அவகிட்ட சபையைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல.

இதை செல் க்ரூப்ல (எங்க சபையோட சின்ன ஜெபக் குழு) ஜெபக்குறிப்பா சொன்னேன். அங்க ஒரு அக்கா "இது தேவன் திறந்த வாசல் மா, ஆஸ்பத்திரிக்கே போய் அப்பா தலையில கை வெச்சு ஜெபிச்சு கைப்பிரதி குடுத்துட்டு வா, நீ சொல்லாம விட்டா அவங்க இரத்தப்பழி உன் கையில கேக்கப்படும்"னு எசேக்கியேல் வசனத்தை எடுத்துட்டாங்க. அன்னிக்கு நைட் தூக்கமே இல்ல. ஆபரேஷனுக்கு போற மனுஷன்கிட்ட போய் அதைச் செய்ய எனக்கு மனசு ஒத்துக்கல, ஆனா அது என் பயமா இல்ல சரியான எண்ணமான்னு எனக்கே தெரியல.

இன்னொரு சின்ன கேள்வி, ஆயுத பூஜைக்கு ஆபீஸ்ல ஆரத்தி காட்டும்போது நான் ரெஸ்ட்ரூம்ல போய் நின்னுக்குவேன், அப்புறம் வந்து பொரியை மட்டும் வாங்கி டிராயர்ல வெச்சுடுவேன். நீங்க எல்லாம் என்ன பண்றீங்க?

பீச்_தாம்பரம்_வண்டி:

அம்மா, நான் ரிட்டயர்டு ஆள், சி.எஸ்.ஐ. மீட்டர் கேஜ் வண்டி ஓடின காலத்துலேருந்து பீச் டு தாம்பரம் எலக்ட்ரிக் ட்ரெயின்ல கைப்பிரதி குடுத்தவன், அதனால கைப்பிரதியைத் திட்டற கூட்டத்துல என்னைச் சேத்துடாதீங்க. அதைப் படிச்சுட்டு வந்தவங்க எனக்குத் தெரிஞ்சே உண்டு. ஆனா ஒரு நாள் கோடம்பாக்கத்துல ஏறினேன், சீட்டுக்கு அடியில நான் காலைல குடுத்த நோட்டீஸ் கெடக்குது, அதுல இயேசுவோட படம், அது மேல ஒரு செருப்புத் தடம், பக்கத்துல வேர்க்கடலைத் தோல். போட்டவங்க மேல எனக்குக் கோவம் வந்துச்சு. சைதாப்பேட்டை வர்றதுக்குள்ள அது என் மேல திரும்பிடுச்சு. நான் மனுஷன் மூஞ்சியைப் பாத்து குடுக்கல, கையைப் பாத்து குடுத்திருக்கேன். கட்டு தீரணும், அவ்ளோ தான் என் நெனப்பு. அன்னிலேருந்து "இது இயேசுவைப் பத்தினது, படிப்பீங்களா?"ன்னு கேட்டுட்டு தான் குடுத்தேன். அம்பது போற எடத்துல ஆறு ஏழு தான் போச்சு. ஆனா அந்த ஆறுல ஒருத்தராவது கிண்டி வர்றதுக்குள்ள ஏதாவது பேசுவாங்க.

எசேக்கியேல் வசனத்துக்கு வர்றேன். அந்த அக்காவைக் குத்தம் சொல்லல, பாரத்துல, அதாவது அக்கறையில, சொல்லியிருப்பாங்க. ஆனா 33ம் அதிகாரத்தை முழுசா படிங்க, காவற்காரன் எக்காளம் ஊதுறது தன்னோட சொந்த ஊர் ஜனத்துக்கு, பட்டயம் (எதிரியோட வாள்) வர்றதைக் கண்ணால பாத்துட்டு. கூட இருக்கறவங்க உசுரு மேல இருக்கற அக்கறையில ஊதுறான். நீங்க அந்தப் பொண்ணுக்காக தூங்காம இருந்தீங்கன்னா சரி, உங்க பழி தீரணுமேன்னு தூங்காம இருந்தீங்கன்னா அங்க அவ எங்க இருக்கா?

பேதுரு என்ன எழுதறார் பாருங்க, 1 பேதுரு 3:15, "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்." இதுல 'உத்தரவு'ங்கற வார்த்தையை இப்போ இருக்கற பிள்ளைங்க ஆர்டர்னு படிச்சுடறாங்க, கலெக்டர் உத்தரவு மாதிரி. பழைய தமிழ்ல அதுக்கு பதில்னு அர்த்தம் மா. விசாரிச்சுக் கேக்கறவங்களுக்கு பதில் சொல்லு, அவ்ளோ தான். எங்க ஆளுங்க பாதிப் பேர் யாரும் கேக்காமலே உத்தரவு போட்டுட்டு இருக்கோம், அதுவும் சாந்தம் இல்லாம.

பொரி விஷயம் சின்னது. 1 கொரிந்தியர் 10ஐ எடுத்துப் படிங்க, படைச்சதைச் சாப்பிடறதைப் பத்தி பவுல் ரெண்டு பக்கமும் பேசியிருப்பார். என் பழக்கம், படைச்சதுன்னு சொல்லிக் குடுத்தா "நான் இது எடுத்துக்கறதில்ல பா, தப்பா நெனச்சுக்காத"ன்னு சிரிச்ச மூஞ்சியா சொல்லிடுவேன். வாங்கி டிராயர்ல ஒளிச்சு வெக்கறதை மட்டும் பண்ணாதீங்க, எறும்பு வரும்.

கர்ஜிக்கும்_சிங்கம்:

மனுஷனுக்குப் பயந்து சுவிசேஷத்தை மறைக்கிறதுக்கு இங்க வசனம் தேடிக் குடுக்கறீங்க. மாற்கு 8:38 படிங்க, என்னைக்குறித்து வெட்கப்படுகிறவனைப் பத்தி தானும் வெட்கப்படுவேன்னு ஆண்டவர் சொன்னதை. நாலு வருஷம் பக்கத்து சீட்ல உக்காந்து ஒரு வார்த்தை சொல்லலன்னா அது நட்பா? ஆபரேஷன் டேபிள்ல ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?

பெரம்பூர்காரன்:

நான் கிறிஸ்டியன் இல்ல, ஹிந்து. என் ஒய்ஃபோட அக்கா வீட்டுக்காரர் அனுப்பின லிங்க்ல வந்தேன், பேசலாம்னா பேசறேன்.

பெரம்பூர்ல பொறந்து வளர்ந்தவன் சார், லூர்து மாதா கோவில் திருவிழா எங்களுக்கும் திருவிழா தான். எங்கம்மா இன்னிக்கும் செவ்வாய்க்கிழமை ஆனா பஸ் ஏறி பாரிஸ் கார்னர் அந்தோணியார் கோவிலுக்குப் போவாங்க, அந்த அரண்மனைக்காரன் தெருவுல இருக்கே அது, மெழுகுவத்தி ஏத்திட்டு வந்து வீட்ல முருகனுக்கும் வெளக்கேத்துவாங்க. உங்கள்ல சில பேருக்கு இது பிடிக்காதுன்னு தெரியும். சொல்ல வர்றது என்னன்னா, இயேசு பேரைக் கேட்டாலே எரிச்சலாகற ஆள் நான் இல்ல.

எங்க தாத்தா ஒரு ஆஸ்பத்திரியில ஜெனரல் வார்டுல கடைசி கட்டத்துல இருந்தார். விசிட்டிங் டைம்ல மூணு பேர் வந்தாங்க, யாருன்னே தெரியாது. ஒருத்தர் கேக்காம தாத்தா நெத்தியில கை வெச்சு, அங்க இருந்த விபூதி அவர் கட்டை விரல்ல ஒட்டிக்கிச்சு, அதை பேன்ட்ல தொடச்சுக்கிட்டே கண்ணை மூடி சத்தமா ஜெபம் பண்ணார். முடிச்சுட்டு எங்க பாட்டிகிட்ட "இத்தனை நாள் எதை எதையோ கும்பிட்டீங்க, அதான் இப்படி"ன்னு சொல்லிட்டு ஒரு நோட்டீஸ் குடுத்துட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டாரு. பாட்டி அன்னிக்கு சாப்பிடல. தாத்தாவுக்கு வியாதி தன்னால தான் வந்துச்சோன்னு அவங்க சாகற வரைக்கும் மனசுல இருந்துச்சு. சிங்கம் சார், யார் பொறுப்புன்னு கேட்டீங்களே, இதுக்கு யார் பொறுப்பு?

அதே வார்டுல நைட் டூட்டி ஒரு சிஸ்டர் இருந்தாங்க, நாகர்கோவில் பக்கம், பாக்கெட்ல சின்ன ஜெபமாலை இருக்கும். தாத்தாவுக்கு ரெண்டு மணிக்கு மூச்சுத் திணறினப்போ கூடவே உக்காந்து முதுகைத் தடவிக் குடுத்துட்டு இருந்தாங்க. பாட்டி தானா "உங்க சாமிகிட்டயும் சொல்லும்மா"ன்னாங்க. அவங்க "சொல்லிட்டு தான் பாட்டி இருக்கேன்"னாங்க. இன்னிக்கும் எங்க வீட்ல அந்தம்மாவைப் பத்திப் பேசுவோம்.

பல்லாவரம் சிஸ்டர், உங்க ஃப்ரெண்ட் "மதம் மாத்தப் பாக்காத"ன்னு சொன்னது உங்களைப் பாத்து இல்ல, உங்களுக்கு முன்னாடி அவளைப் பாத்த எவனையோ பாத்து. மனசுல வெச்சுக்காதீங்க.

முடிச்சூர்_மாடிவீடு:

பெரம்பூர் அண்ணா எழுதினதைப் படிச்சு ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டேன். எங்க ஆளுங்க சார்புல மன்னிப்பு கேட்டுக்கறேன்.

நான் பொறப்புல கிறிஸ்டியன் இல்ல, அதனால ரெண்டு பக்கமும் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளம், முடிச்சூர்ல தரை வீடு எங்களுது. ராத்திரி கட்டில் உயரத்துக்குத் தண்ணி, பாப்பாவுக்கு அப்போ எட்டு மாசம். மேல் வீட்டுக்காரங்க தான் கதவைத் தட்டி இழுத்துட்டுப் போனாங்க. அதுவரைக்கும் அவங்களோட மோட்டார் கரண்ட் பில்லுக்கு சண்டை போட்டது தவிர வேற பேச்சு இல்ல. மூணு நாள், எட்டு பேர், ஒரு ஹால் ஒரு ரூம். ரூமை எங்களுக்குக் குடுத்துட்டு அவங்க ஹால்ல படுத்தாங்க. இருந்த பால் பவுடரை அவங்க பையனுக்குக் குடுக்காம என் பாப்பாவுக்குக் கலக்கினாங்க அந்த அக்கா, இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அழுகை வரும். ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்துல குடும்ப ஜெபம் பண்ணுவாங்க, மொதல்ல என்கிட்ட வந்து "நாங்க கொஞ்சம் ஜெபம் பண்ணிக்கறோம், உங்களுக்கு சத்தமா இருந்தா சொல்லுங்க"ன்னு கேட்டுட்டு! அவங்க வீட்ல, அவங்க என்கிட்ட பர்மிஷன் கேக்கறாங்க.

அதுக்கப்புறமும் அவங்க என்னைச் சபைக்குக் கூப்பிடல. ரெண்டு வருஷம் கழிச்சு நானா தான் "அன்னிக்கு பாப்பா பேரைச் சொல்லி ஏதோ வேண்டுனீங்களே, என்ன வேண்டுனீங்க?"ன்னு கேட்டேன். அப்புறம் பேசினாங்க பாருங்க, நைட் பதினோரு மணி வரைக்கும் பேசினாங்க, அத்தனை நாள் எங்க வெச்சிருந்தாங்களோ.

சிங்கம் பிரதர், அவங்க வெட்கப்பட்டு மறைக்கலையே. வாசல்ல வசனம் ஒட்டியிருந்துச்சு, ஞாயித்துக்கிழமை பைபிளைக் கையில எடுத்துட்டு தான் போவாங்க, கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டுவாங்க. நான் கேக்கற அன்னிக்கு பதில் ரெடியா இருந்துச்சு.

இன்னொண்ணு, ஜாலியா சொல்றேன். மொத நாள் சபைக்குப் போனேன், வாசல்ல ஒருத்தங்க கையைப் பிடிச்சுட்டு "சிஸ்டர் நீங்க ரட்சிக்கப்பட்டுட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. எனக்கு வெள்ள ஞாபகம் தான். "ஆமாங்க, மூணாம் நாள் போட் வந்துச்சு"ன்னேன். அவங்க ஸ்தோத்திரம் சொல்லிட்டுப் போயிட்டாங்க, என்ன புரிஞ்சுக்கிட்டாங்களோ தெரியல. நம்ம சபைத் தமிழ் வெளிய இருக்கறவங்களுக்குப் புரியாது பா. ரட்சிப்பு, கிருபை, பாரம், அபிஷேகம், விடுதலை, இதெல்லாம் நாம தெனமும் பேசறதால சாதாரணமா தெரியுது. உங்க ஃப்ரெண்டுகிட்ட பேசற நாள் வந்தா ஒரே டப்பால சாப்பிடும்போது பேசற தமிழ்லயே பேசுங்க.

என் வீட்டுக்காரர் இன்னும் சபைக்கு வர்றதில்ல, பூஜை ரூம் இருக்கு, வெள்ளிக்கிழமை அவர் வெளக்கேத்துவார். நான் பக்கத்து ரூம்ல ஜெபிப்பேன். நடக்குது.

எச்ஆர்_அங்கிள்_இல்ல:

ஆபீஸ் சைடுலேருந்து ரெண்டு வார்த்தை, இருபது வருஷமா இதே வேலை. விசுவாசத்தைப் பத்திப் பேசறது சட்டப்படி குத்தம் இல்ல, அரசியலமைப்போட 25வது பிரிவுல மதத்தைப் பின்பத்தவும் பரப்பவும் உரிமைன்னே இருக்கு. அதே நேரம் 1977ல சுப்ரீம் கோர்ட் ஸ்டானிஸ்லாஸ் கேஸ்ல, பரப்பறதுன்னா தன் மதத்தோட கொள்கையை எடுத்துச் சொல்றது, இன்னொருத்தரை மதம் மாத்தற உரிமை அதுல அடங்காதுன்னு சொல்லிடுச்சு. ரெண்டையும் சேத்துத் தான் படிக்கணும், நம்மாளுங்க மொத பாதியோட நிறுத்திடுவாங்க, எதிர்ல இருக்கறவங்க ரெண்டாவது பாதியை மட்டும் படிப்பாங்க.

அதுக்கு மேல ஆபீஸுக்குன்னு ரூல் இருக்கும். டீம் க்ரூப்ல வசனம் ஃபார்வர்டு பண்ணாதீங்க, ஆபீஸ் மெயில்ல வேணவே வேணாம். ரொம்ப முக்கியமா, நீங்க லீடா? அவ உங்க கீழயா? அப்படின்னா நீங்க "சபைக்கு வாயேன்"னு பாசமா கூப்பிட்டாலும் அவ காதுல அப்ரைசல் தான் கேக்கும். ஒரு கேஸ் பாத்திருக்கேன், மேனேஜர் ரொம்ப நல்ல மனுஷன், தினமும் காலைல டீமுக்கு வசனம் அனுப்புவார், எல்லாரும் 'ஆமென்' போடுவாங்க, முருக பக்தர்கள் உட்பட. அவர் வேற டீமுக்குப் போன அன்னிக்கு ஒருத்தர் விடாம க்ரூப்பை விட்டு வெளிய வந்துட்டாங்க.

ஆரத்திக்கு ரெஸ்ட்ரூம்ல ஒளியாதீங்க. நான் ஓரமா கையைக் கட்டிட்டு நிப்பேன், முடிஞ்சதும் சுண்டல் டிஸ்ட்ரிப்யூட் பண்ண ஹெல்ப் பண்ணுவேன். பைபிள்ல சிரியா நாட்டுப் படைத்தலைவன் நாகமான் கதையில (2 இராஜாக்கள் 5) தன் ராஜாவோட ரிம்மோன்ங்கற சாமி கோவிலுக்குள்ள போய் பணிய வேண்டியிருக்கே, அதுக்கு மன்னிப்பு உண்டான்னு அவன் கேட்டதுக்கு எலிசா தீர்க்கதரிசி லெக்சர் எடுக்கல, "சமாதானத்தோடே போ"ன்னு அனுப்பி வெச்சார்.

கர்ஜிக்கும்_சிங்கம்:

பெரம்பூர் பிரதர், உங்க தாத்தா விஷயத்துல நடந்தது தப்பு. விபூதியைப் பேன்ட்ல தொடச்சது ரொம்பத் தப்பு. நானும் ஆஸ்பத்திரி ஊழியத்துக்குப் போறவன் தான். பெட்ல இருக்கறவங்ககிட்ட கேட்டுட்டு தான் ஜெபிப்பேன், ஆனா கூட இருக்கற வீட்டாளுங்ககிட்ட கேட்டதில்ல, இப்போ தான் உறைக்குது. ஆனாலும் பேசாமலே இருக்கறது பதில் இல்லங்கறதுல நான் மாறல.

பல்லாவரம்_பொண்ணு:

எல்லாத்தையும் பஸ்ல ரெண்டு தடவை படிச்சேன், துரைப்பாக்கம் சிக்னல்ல மூணாவது தடவை.

நான் லீட் இல்ல, ரெண்டு பேரும் ஒரே லெவல் தான். சிங்கம் பிரதர் சொன்னதும் குத்துச்சு, பொய் சொல்லல. நாலு வருஷத்துல நான் ஒரு வார்த்தை சொல்லாததுக்குக் காரணம் சாந்தம் இல்ல, பயம் தான். அவ திருப்பதி போயிட்டு வந்து லட்டு குடுக்கும்போது மூச்சு விடாம மொத்தக் கதையும் சொல்லுவா, கியூல எத்தனை மணி நேரம், எங்க அழுதா, என்ன வேண்டினா எல்லாம். நான் ஞாயித்துக்கிழமை என்ன பண்ணேன்னு கேட்டா "சும்மா வீட்ல தான்"னு சொல்லுவேன். ஞாயித்துக்கிழமை காலைல மூணு மணி நேரம் நான் எங்க இருந்தேன்னு என் பெஸ்ட் ஃப்ரெண்டுக்குத் தெரியாது. இதை எழுதும்போது தான் எனக்கே தெரியுது.

நேத்து லன்ச்ல அவளே ஆரம்பிச்சா. "நீ நெஜமாவே அப்பாக்கு வேண்டிக்கிட்டியா, இல்ல சும்மா சொன்னியா?"ன்னு. வழக்கமா "ஆமா டி"ன்னு முடிச்சிருப்பேன். நேத்து சொன்னேன், தினமும் காலைல அஞ்சரைக்கு, அப்பா பேர் சொல்லி, டாக்டர் கைக்கும் சேத்து. போன வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன்னும் சொன்னேன், அன்னிக்கு அவ குடுத்த தயிர் சாதத்தை வேணாம்னு சொன்னதுக்கு வயிறு சரியில்லன்னு பொய் சொல்லியிருந்தேன், அதையும் ஒத்துக்கிட்டேன். அவ கொஞ்ச நேரம் ஸ்பூனை வெச்சு சாதத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருந்தா. "எங்க அப்பாக்காக நீ பட்டினி கெடந்தியா லூசு"ன்னா. அப்புறம் "அஞ்சரைக்கா, நான் அந்நேரம் முழிச்சுட்டு தான் டி இருக்கேன், தூக்கம் வரல"ன்னா. அவ்ளோ தான் பேசினோம், ஸ்டேண்ட்அப் மீட்டிங் வந்துடுச்சு.

ஆஸ்பத்திரிக்குப் போறேன், ஆனா கட்டு எடுத்துட்டுப் போகல. அவங்க அம்மாக்கு நைட் தங்க ஆள் இல்லையாம், ஒரு நாள் நான் இருக்கேன்னு சொல்லியிருக்கேன். அந்த மூணு கட்டை என்ன பண்றதுன்னு மட்டும் தெரியல.

பீச்_தாம்பரம்_வண்டி:

கட்டை எனக்கு அனுப்புங்க மா, கேட்டுட்டுக் குடுக்க ஆறு ஏழு பேர் தினமும் கெடைப்பாங்க, இப்பவும் வாரத்துல ரெண்டு நாள் வண்டியில போறேன். பாஸ்டர்கிட்டயும் ஒரு தடவை தனியா பேசிடுங்க, கை தூக்கற பழக்கம் எத்தனை பேரை இப்படி பீரோவுக்குள்ள ஒளிச்சு வெக்குதுன்னு அவருக்கே தெரியாம இருக்கலாம். ஆபரேஷன் என்னிக்கு, எத்தனை மணிக்கு?

பல்லாவரம்_பொண்ணு:

செவ்வாய்க்கிழமை ஐயா, காலைல ஏழு மணிக்கு உள்ள எடுத்துட்டுப் போறாங்களாம்.

முடிச்சூர்_மாடிவீடு:

குறிச்சுக்கிட்டேன். மேல் வீட்டு அக்காகிட்டயும் சொல்லிடறேன்.

பெரம்பூர்காரன்:

செவ்வாய்னா நல்லதா போச்சு, எங்கம்மா எப்படியும் பாரிஸ் போவாங்க. உங்க ஃப்ரெண்டோட அப்பா பேர் வேணாம், "பல்லாவரம் பொண்ணோட ஃப்ரெண்ட் அப்பா"ன்னே சொல்லச் சொல்றேன், அந்தோணியாருக்கு அட்ரஸ் தெரியும்.